யாளி விலையும் உடைந்த அச்சும்

நேற்று, கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலையில் வார்த்த ஐம்பொன் யாளிச் சிலை (சிங்க உடம்பும் யானைத் துதிக்கையும் கொண்ட கற்பனை விலங்கு) ஒன்றின் படத்தின் கீழே ஓடிய பேச்சை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "இதே சிலை ஆன்லைனில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குது, சுவாமிமலைக்காரர்கள் கொள்ளை அடிக்கிறார்கள்" என்று ஒருவர் எழுத, முந்நூறு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

"இதே சிலை" என்று ஒன்று கிடையாது. சுவாமிமலை வார்ப்பில் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சு, ஒரு யாளி. அவ்வளவுதான்.

தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் கடலை எண்ணெயும் காய்ச்சி, அந்த மெழுகில் முதலில் யாளியைச் செய்து, பிடரி மயிர்ச் சுருள் ஒவ்வொன்றையும் கையால் உருட்டி ஒட்டுகிறார்கள். மேலே காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி, நிழலில் காயவிட்டு, மறுபடி பூசி, கம்பி கட்டுகிறார்கள். பிறகு சூடாக்கி மெழுகை வடிக்கிறார்கள். ஒரு கிலோ மெழுகு இருந்த இடத்தை நிரப்ப எட்டு, ஒன்பது கிலோ உலோகம் வேண்டும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவி கிளம்பி உலோகம் தெறிக்கும். அச்சு ஆறியிருந்தால் துதிக்கை நுனிக்குப் போகுமுன் உலோகம் உறைந்துவிடும், தந்தம் மொட்டையாக நிற்கும். ஊற்றுகிற கை நடுவில் நின்றால் உடம்பில் கோடு விழும். அப்படிப் போனால் மெழுகிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அந்த மாத உழைப்புக்கு யார் காசு தருகிறார்கள்?

"ஐம்பொன்னில் தங்கம் எவ்வளவு இருக்கு, சொல்லுங்க" என்பார்கள். பெரும்பகுதி செம்பு, கூடவே பித்தளை, ஈயம். தங்கமும் வெள்ளியும் பெயருக்குத் துளி. யாரும் மறைக்கவில்லை. நீங்கள் கொடுப்பது கைக்கு, தங்கத்துக்கு இல்லை.

"ஏழை வீட்டில் யாளி இருக்கக் கூடாதா?" தாராளமாக இருக்கட்டும். பித்தளை யாளியைப் பித்தளை என்று சொல்லி விற்கட்டும், நானே வாங்கச் சொல்வேன். புவிசார் குறியீடு (இந்தப் பொருள் இந்த ஊருடையது என்கிற சட்டப் பதிவு) வாங்கிய ஊர்ப் பெயரை அதன்மேல் ஒட்டுவதுதான் வலிக்கிறது. அதைவிட, வார்த்து முடித்தபின் வாரக்கணக்கில் உளியும் அரமும் பிடிக்கிறவர்களை நம் ஊர்க்காரர்களே திருடன் என்று சொல்வது.

சந்தேகம் இருந்தால் துதிக்கைக்கும் மார்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். மெழுகு வார்ப்பில் அது உள்ளே வரை திறந்திருக்கும். மாதிரியை மணலில் பதித்து உருவி எடுக்கிற இரண்டு பாதி மணல் அச்சில் அந்த இடைவெளியை எடுக்க வராது. அடைத்திருப்பார்கள், இல்லையென்றால் துதிக்கையைத் தனியாகப் பற்றவைத்திருப்பார்கள். இரண்டு பாதி அச்சு சேர்ந்த கோடும் உடம்பில் ஓடும், எவ்வளவு தேய்த்தாலும் மடிப்புகளுக்குள் அது தங்கும்.

அந்த மலிவு யாளியைத் திருப்பி, அடிவயிற்றைப் படம் எடுத்துப் போடுங்கள். முந்நூறு பேரும் பார்க்கட்டும்.