புழுவா, வேர்க்கடலையா?

தீனியை ஒளித்துவைக்கும் பறவைகளுக்கு ஹிப்போகேம்பஸ் (மூளையில் நினைவுக்கான பகுதி) பெரிது என்று பறவை மூளை பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனால் அந்த நினைவு எப்படிப்பட்டது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, சுவாரசியமே அங்கேதான்.

1998-ல் நிக்கோலா கிளேட்டன், அந்தோணி டிக்கின்சன் என்ற ஆய்வாளர்கள் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்க்ரப் ஜே பறவைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஐஸ் கட்டி வார்க்கும் தட்டில் மணலை நிரப்பி, ஒரு பக்கம் புழுவையும் மறுபக்கம் வேர்க்கடலையையும் ஒளிக்க விட்டார்கள். புழு என்றால் அவற்றுக்கு உயிர். 4 மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டால் புழு வைத்த பக்கத்தைத்தான் கிளறின. 124 மணி நேரம் கழித்து விட்டபோது, புழு கெட்டுப்போகும் என்று முன்பே பட்டறிந்த பறவைகள் கடலைப் பக்கம் திரும்பிவிட்டன. சோதனையின்போது தட்டில் தீனியே இல்லை. மோப்பம் பிடிக்கவும் வழியில்லை. எதை, எங்கே, எப்போது மூன்றும் நினைவிருக்கிறது! (எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் சாம்பார் என்றைக்கு வைத்தது என்று எனக்கே தெரியாது.)

அப்புறம் ஒரு திருத்தம். பாட்டு கற்பதையும் ஹிப்போகேம்பஸ் கணக்கிலேயே எழுதிவிட்டீர்கள். ஜீப்ரா ஃபின்ச் என்ற சின்னப் பாட்டுப் பறவையின் குஞ்சு அப்பனிடம் பாட்டுப் படிப்பதற்கு மூளையில் எச்.வி.சி. முதலான தனிப் பகுதிகள் இருக்கின்றன.