கேபிளைப் பிடுங்கினாலும் ஆட முடிகிற கேம்தான் உங்களுடையது

"இனிமேல் கன்சோல் எதுக்கு, எல்லாம் கிளவுட்தானே?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கிளவுட் என்றால் கேம் கம்பெனியின் சர்வரில் ஓடும், படம் மட்டும் இணையம் வழியே நம் திரைக்கு வரும்; இதைத்தான் ஸ்ட்ரீமிங் என்கிறார்கள். தப்பான கேள்வி இல்லை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் புறநகர்கள் வரைக்கும் ஃபைபர் இணையம் வந்தாச்சு. மைக்ரோசாஃப்ட் 2019லேயே ஜொகானஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் தரவு மையங்களைத் திறந்துவிட்டது. ரெயின் என்ற இணைய நிறுவனம் மூலம் ஜிஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் கேம் சேவையும் இந்த நாட்டுக்கு வந்தது.

என் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீமிங்கின் வேகச் சிக்கல் வருஷா வருஷம் குறைகிறது. காசு கொடுத்த கேம் யாருடையது என்கிற சிக்கல் வருஷா வருஷம் முற்றுகிறது. முதலாவது தீர்கிற சந்தோஷத்தில் இரண்டாவதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

முதலில் வேகம். ஃபைபர் இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். டர்பனிலிருந்து ஜொகானஸ்பர்க் சாலை வழியே ஏறக்குறைய 570 கி.மீ. கேபிளும் அவ்வளவு தூரம் என்று வைத்தால் போய்த் திரும்ப 6 மில்லிசெகண்ட். வழியில் உள்ள கருவிகளையும் சேர்த்து 10 முதல் 20 வரை வரலாம். லண்டன் நேர்கோட்டிலேயே சுமார் 9,500 கி.மீ.; ஒளியின் பயணத்துக்கு மட்டும் 95 ஆகிவிடும், கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் 150ஐத் தாண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான். ஆக, சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் பட்டனை அழுத்தி ஒன்பது ஃபிரேம் கழித்துத்தான் திரையில் அசைவு தெரியும். ஃபிஃபா, டெக்கன் மாதிரி கேம்களுக்கு அது கதைக்கு ஆகாது. ஜிஃபோர்ஸ் நவ் கேட்பது 80க்குள். நன்றாக ஆட 40க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதனால் சந்தா கட்டும் முன் கேட்க வேண்டியது "எத்தனை எம்பி லைன்" என்பதை அல்ல, "சர்வர் எந்த ஊரில்" என்பதை. 2022ல் சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா புது அடுக்குகளாகப் பிரிந்தபோது தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்தது டீலக்ஸ். பிரீமியத்தில் இருக்கும் கிளவுட் ஸ்ட்ரீமிங் அதில் இல்லை. வெளிநாட்டு யூடியூபர் சொல்வதை நம்பிச் சந்தா கட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 15 காட்டுகிறது, ஆனாலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்பார்கள். காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். யாரோ ஒருத்தர் போன் வாட்ஸ்அப் பேக்கப்பை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ரௌட்டரின் வரிசையில் உங்கள் பட்டன் அழுத்தங்கள் அதற்குப் பின்னால் காத்து நிற்கும். சோதிப்பது சுலபம். இரவு எட்டு மணிக்கு, வீட்டில் எல்லோரும் நெட்டில் இருக்கும்போது, கம்ப்யூட்டரில் 100 பிங் அனுப்புங்கள். பாதியில் போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோட் செய்யுங்கள். 12ல் இருந்தது 150க்குத் தாவினால் கோளாறு அங்கேதான். ரௌட்டரில் இந்த வரிசை நெரிசலைக் குறைக்கும் எஸ்கியூஎம் (SQM) வசதி இருந்தால் அதை இயக்கி, லைன் வேகத்தில் 90 சதவீதத்தை உச்சவரம்பாகக் கொடுங்கள். லான் கேபிள் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை; நெருக்கமான ஃபிளாட்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அக்கம்பக்கத்து ரௌட்டர்களால் நெரிசலாகவே இருக்கும். டிவியில் கேம் மோடை இயக்க மறக்காதீர்கள். அது அணைந்திருந்தால் சில டிவிகள் தாமாகவே 50, 100 மில்லிசெகண்டைக் கூட்டிவிடும்.

டேட்டா கணக்கும் இருக்கிறது. 1080பி தரத்துக்கு 25 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 11.25 ஜிபி. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதம் 675 ஜிபி. அன்கேப்டு ஃபைபர் இருந்தால் சமாளிக்கலாம். மொபைல் டேட்டாவில் நினைத்தே பார்க்காதீர்கள்.

லோட்ஷெடிங் என்ற திட்டமிட்ட மின்வெட்டு இப்போது தணிந்திருக்கிறது, ஆனால் 2023ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இருந்தால் ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் இரண்டு மணி நேர வெட்டைத் தாங்கும். வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் பின்புறத்திலும் வோல்ட், ஆம்பியர் எண்களைப் பாருங்கள். 9 வோல்ட் கருவியில் 12 வோல்ட்டைச் செருகினால் கருவி போய்விடும். ஒரே நாளில் பல வெட்டு வந்தால் செல்போன் டவர்களின் பேட்டரியே நிரம்ப நேரம் கிடைக்காது, அதற்கு நம் யூபிஎஸ் ஒன்றும் செய்ய முடியாது. 2024 மார்ச் 14 அன்று அபிஜான் அருகே நான்கு கடலடிக் கேபிள்கள் ஒரே நேரத்தில் பழுதானபோது இந்த நாட்டு இணையமும் தடுமாறியது. சர்வர் ஜொகானஸ்பர்க்கிலேயே இருந்தாலும், லாகின் சரிபார்ப்பு வெளிநாட்டில் நடந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

இதெல்லாம் சரியாகிவிடும். எனக்குப் பயம் இனிச் சொல்லப்போவதில்தான்.

கூகுளின் கிளவுட் கேம் சேவையான ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரி 18ல் மூடப்பட்டது. கேம் வாங்கியவர்களுக்குக் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொடுக்க வசதி இருந்தது, கொடுத்தார்கள். அடுத்த கம்பெனியும் கொடுக்கும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஜிஃபோர்ஸ் நவ்வில் நாம் ஆடுவது ஸ்டீம் மாதிரி ஆன்லைன் கடையில் நாமே வாங்கிய கேமை. ஆனாலும் 2020ல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் தன் கேம்களை அங்கிருந்து விலக்கிக்கொண்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அவற்றை அங்கே ஆட முடியவில்லை. யூபிசாஃப்டின் தி க்ரூ கேம் இன்னும் மோசம். 2024 மார்ச் 31ல் சர்வரை அணைத்தார்கள். தனியாக ஒருவர் ஆடும் பகுதிக்கும் சர்வர் தேவை என்று வடிவமைத்திருந்ததால் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. ராஸ் ஸ்காட் தொடங்கிய "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம் இந்தக் கோபத்தில் பிறந்ததுதான். 2025ல் அவர்களுடைய ஐரோப்பிய மனு 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

சந்தா விலையும் நம் கையில் இல்லை. மைக்ரோசாஃப்டின் கேம்பாஸ் அல்டிமேட் மாதச் சந்தா அமெரிக்காவில் 2025 அக்டோபரில் ஒரே தாவலில் 19.99 டாலரிலிருந்து 29.99 ஆனது.

அப்படியானால் டிஸ்க் வாங்கினால் போதுமா? போதாது, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2022ல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 கேமின் பிஎஸ்5 டிஸ்கில் இருந்தது ஏறக்குறைய 70 எம்பி; மீதி முழுக்க டவுன்லோட். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு வரும் கேம்-கீ கார்டுகளில் கேமே கிடையாது, டவுன்லோட் செய்ய வெறும் சாவி. பழைய டிஸ்க்கை விற்பது போல அதை மறுபடி விற்கலாம், அது ஒன்றுதான் நல்லது. தனியாக வாங்கி மாட்டும் பிஎஸ்5 டிஸ்க் டிரைவ் முதல்முறை இயங்க இணையம் கேட்கும். பிஎஸ்4ல் உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி செத்து, சோனி சர்வரும் கிடைக்காவிட்டால் டிஸ்க் கேமே திறக்காத கோளாறு ஒன்று இருந்தது, 2021ல் 9.00 அப்டேட்டில் சரிசெய்தார்கள். பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் அந்த அப்டேட்டாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க்கைச் சோதிக்கும் முறை இதுதான்: லான் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்து, டிஸ்க்கிலிருந்து மட்டும் இன்ஸ்டால் செய்து, முதல் கட்டம் தாண்டி ஆடிப் பாருங்கள். கேஷ் கன்வெர்ட்டர்ஸ் மாதிரி கடைகளில் பழைய டிஸ்க் வாங்கும்போது அன்றைக்கே செய்துவிடுங்கள். கீறலும் தெரிந்துவிடும்.

டிஜிட்டலாக வாங்குபவர்கள் பிஎஸ்5ல் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதர் என்று போய் "கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே" இயக்கத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். எக்ஸ்பாக்ஸில் அதற்குச் சமம் "ஹோம் எக்ஸ்பாக்ஸ்". ஸ்டீமில் இணையம் இருக்கும்போதே கேமை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, பிறகு ஆஃப்லைன் மோடுக்குப் போங்கள். லைன் போன பிறகு முயன்றால் சில கேம்கள் அடம்பிடிக்கும்.

கம்ப்யூட்டரில் எனக்குப் பிடித்த வழி ஜிஓஜி (GOG) என்ற ஆன்லைன் கேம் கடை. ஒவ்வொரு கேமுக்கும் ஆஃப்லைன் இன்ஸ்டாலர், அதாவது இணையம் இல்லாமலே இன்ஸ்டால் செய்யும் கோப்பு, தருகிறார்கள். பெரிய கேம் 4 ஜிபி துண்டுகளாக வரும். ஒரு துண்டு குறைந்தாலும் இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடும், எண்ணிச் சரிபாருங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடக்கும் எஸ்எஸ்டி தன் தரவை இழக்கலாம். டர்பன் கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்து, ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். முக்கியமானவற்றுக்கு இரண்டாவது டிஸ்க் ஒன்றும் வேண்டும்.

ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. சன்ஷைன், மூன்லைட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டால் மாடி அறைக் கம்ப்யூட்டரின் கேமை ஹால் டிவியில் ஆடலாம். லான் கேபிளில் தாமதம் தெரியவே தெரியாது. அங்கே சர்வரும் உங்களுடையது, கேமும் உங்களுடையது. வெளிச் சந்தாவை, ஒரு கேம் பிடிக்குமா என்று பார்க்கவும், ஒருமுறை ஆடி மறக்கும் கேம்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப ஆடும் கேமுக்குச் சொந்தப் பிரதி வேண்டும். கிளவுடில் மட்டுமே ஓடும் கேமுக்கு முழு விலை கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: விற்பது உரிமம் மட்டும்தான் என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவும் விவரங்கள் சாதாரண ஆளுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. ஆன்லைன் கேம் கடைகளுக்கும் அதை முழுசாக அமல்படுத்தினால் சர்வர் எந்தத் தேதி வரை ஓடும், அதன்பின் ஆஃப்லைனில் ஆட முடியுமா என்ற இரண்டு வரியை விலைக்குப் பக்கத்திலேயே போட வைக்கலாம். காசு கொடுத்த கேம் கைவிட்டுப் போனவர்கள் ரசீதையும், வாங்கிய நாளின் கடைப் பக்க ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதுங்கள். கடைக்காரர்கள் பின்னால் அந்தப் பக்கத்தை மாற்றிவிடலாம், அதனால் ஸ்கிரீன்ஷாட்டைக் காசு கட்டும் முன்பே எடுத்துவிடுங்கள்.