மெல் பிளாங்க் பெயர் வந்தது, மற்றவர்கள் பெயர்?

கார்ட்டூன் குரல் என்று பேச்சு எடுத்தாலே மெல் பிளாங்க்தான். பக்ஸ் பன்னி, டாஃபி டக், ட்வீட்டி, சில்வெஸ்டர், எல்லாம் ஒரே தொண்டை. மனுஷன் அசகாய சூரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பெயர் திரையில் வந்த கதையைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம்.

வார்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் தயாரித்துக் கொடுத்தவர் லியான் ஷ்லெசிங்கர். அவரிடம் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டிருக்கிறார் பிளாங்க். முதலாளி கையை விரித்துவிட்டார். 'அப்படியானால் பெயரையாவது போடுங்கள்' என்று கேட்டு வாங்கினார். முதலாளிக்குக் காலணா செலவில்லை. பிளாங்குக்கோ அந்த ஒரு வரியால் வானொலி வாய்ப்புகள் தேடி வந்தன. கெட்டிக்காரத்தனம்தான்.

உழைக்காமலும் வரவில்லை. பக்ஸ் பன்னிக்காக மைக் முன்னால் நிஜ கேரட்டையே கடிப்பாராம். மென்று விழுங்கிவிட்டு அடுத்த வசனம் பேச நேரம் இருக்காது, அதனால் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்பிவிட்டுப் பேசுவார். வேறு காய்களைக் கடித்தும் பார்த்தார்கள், கேரட்டின் அந்த 'கரக்' வரவில்லை.

என் ஆதங்கம் வேறு. பக்ஸ் பன்னியைத் துப்பாக்கியோடு துரத்தும் எல்மர் ஃபட், பிளாங்கின் குரல் இல்லை. அது ஆர்தர் கியூ. பிரையன். 1959-இல் சாகும்வரை அவர்தான் பேசினார். ட்வீட்டியை வளர்க்கும் பாட்டியம்மாவுக்கும், பக்ஸ் பன்னியோடு மோதும் சூனியக்காரிக்கும் பின்னாளில் பேசியவர் ஜூன் ஃபோரே. டைட்டிலில் மட்டும் மெல் பிளாங்க். அதனால்தான் எல்மரும் அவர்தான் என்று இன்றைக்கும் பலர் அடித்துச் சொல்கிறார்கள். இது பிளாங்க் செய்த பாவம் என்று சொல்லமாட்டேன். அவர் தனக்குக் கேட்டார், கிடைத்தது. கேட்காவிட்டாலும் மற்றவர்களுக்கும் போட்டிருக்க வேண்டியது ஸ்டூடியோ.

(அவரும் அடிபட்டவர்தான். உட்டி உட்பெக்கர் என்ற கார்ட்டூன் மரங்கொத்தியின் சிரிப்பு அவருடையது. அதைத் தொடர்ந்து பயன்படுத்தியதற்காக வழக்குப் போட்டார், நீதிமன்றத்தில் தோற்றார், கடைசியில் சமரசத்தில்தான் ஏதோ கிடைத்தது.)

1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் பூல்வார்டில் பெரிய கார் விபத்து. கோமாவில் கிடந்தவரிடம் டாக்டர், "பக்ஸ் பன்னி, இன்னிக்கு எப்படி இருக்கே?" என்று கேட்க, பக்ஸ் பன்னி குரலிலேயே பதில் வந்தது என்ற கதை எல்லாருக்கும் தெரியும். பிறகு உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு படுத்தபடியே ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் தொடரில் பார்னி என்ற பாத்திரத்துக்குப் பேசினார்.

அவர் எழும்வரை சில எபிசோடுகளில் பார்னிக்குப் பேசியவர் டாஸ் பட்லர். யோகி கரடியின் குரலே அவர்தான். அடுத்த முறை இந்தக் கோமா கதையை ஃபார்வர்ட் செய்யும்போது அவர் பெயரையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.