துணியை அவிழ்த்தாச்சு, இனியாவது படத்தைப் பாருங்கள்

மூன்று நாளாக ஆளாளுக்கு அந்த வீடியோவையே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போதும். பார்வையற்ற ஓவியர் என்று என்னைப் பெருமைப்படுத்தக் கூப்பிட்ட கிருஷ்ணகிரி மேடையில் கறுப்புத் துணி கட்டியது என் கண்ணில்தான், எனக்குத் தெரியாதா?

"ஜனங்க நம்பணும் இல்லையா மேடம்" என்று சொல்லிக்கொண்டே கட்டினார் தொகுப்பாளர். கைதட்டல் வேறு. பக்கத்திலேயே என் மாங்காய்ப் படம் இருந்தது. 'தொடலாம்' என்று தம்பி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான். ஒருத்தர் தொடவில்லை.

படத்தைப் பாருங்கள், என் கண்ணைச் சோதிக்காதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

"இடது கண்ல வெளிச்சம் தெரியுதாமே, அப்புறம் என்ன பார்வையற்றவர்?" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். தெரியும் அண்ணா, ஜன்னல் எந்தப் பக்கம் என்கிற அளவுக்கு. எந்த ட்யூப் சிவப்பு என்று தெரியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் முழுப் பார்வையின்மையும் உண்டு, குறைபார்வையும் உண்டு. "போஸ்ட் மட்டும் எப்படிப் போடறீங்க?" என்றும் கேள்வி. போனில் டாக்பேக் என்று ஒரு வசதி, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டுகிறது. உங்கள் கமெண்ட்டையும்தான். 'நடிப்பு' என்று எழுதிப் பின்னால் நீங்கள் போட்ட மூன்று சிரிப்பு பொம்மைகளையும் ஒன்று விடாமல் படித்தது.

எப்படி வரைகிறேன் என்று யாராவது கேட்டீர்களா? சிவப்பு ட்யூபுக்கு ஒரு ரப்பர் பேண்டு, மஞ்சளுக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று. முதல் நாள் ராத்திரி ஃபெவிகாலில் கோடு இழுத்துவிடுவேன். காலையில் காய்ந்து நூல் மாதிரி எழும்பி நிற்கும். இடது விரல் அந்தக் கோட்டைப் பிடித்து முன்னால் போகும், வலது விரல் கலரோடு பின்னால் வரும். வெள்ளை இட்லி மாவுப் பதம், கறுப்பு ரசம் மாதிரி. நிறத்துக்கு ஒரு பதம் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 2001-ல் பார்வை இழந்த அமெரிக்கக்காரர் ஜான் பிராம்ப்லிட் அப்படித்தான் வரைகிறார்.

அந்த மாங்காய் காவேரிப்பட்டணத்தில் மாமா தோட்டத்துப் பெங்களூரா. ஒரு வாரம் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். கிளிமூக்கு மாதிரி வளைகிற நுனி சரியாக வராமல் நாலு தடவை சுரண்டி எடுத்தேன். காம்படியில் பால் காய்ந்த சொரசொரப்புக்கு முதலில் ரவை தூவினேன். எறும்பு வந்துவிட்டது! அப்புறம் சலித்த மணல். மேடையில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இது எத்தனை விரல் மேடம்?"

"பெருமைப்படுத்தத்தானே கூப்பிட்டாங்க" என்கிறீர்கள். சரி. கார் அனுப்பினார்கள், சால்வை போட்டார்கள், சாப்பாடும் நன்றாக இருந்தது. பார்வையுள்ள ஓவியரைக் கூப்பிட்டிருந்தால், கண் டாக்டர் அட்டையை நீட்டிக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லியிருப்பீர்களா? சாந்திநிகேதனில் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜிக்கு 1950-களில் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை முழுக்கப் போய்விட்டது. 1972-ல் அங்கே இருக்கிற கலைப் பள்ளியான கலாபவனத்தின் சுவரில் ஓடுகளை வைத்துப் பெரிய சுவரோவியம் செய்தார். அவர் கண்ணில் யாரும் துணி கட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"பார்க்காம வரையறதெல்லாம் கலையா?" என்று கேட்டவருக்குப் பதில் கிடையாது. நேரில் வாருங்கள், விரலைப் பிடித்துப் படத்தின் மேல் வைக்கிறேன்.

துணியைக்கூட மறந்துவிடலாம். நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து என் உள்ளங்கையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்து அழுத்தினார். விற்றுவிட்டது என்று நினைத்தேன், சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். அட்டை வைத்துக் கட்டச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டேன். "படமெல்லாம் வேணாம்மா, நீயே வச்சுக்கோ. ஏதோ என்னால முடிஞ்சது" என்றார்.

கூப்பிடுவதற்குள் போய்விட்டார். அந்தத் தாளைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். படத்தின் விலை நாலாயிரம். அவர் இதைப் படித்தால், பாக்கி மூவாயிரத்து ஐந்நூறைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம்.