'நாம் அறியோம்' என்றவரைச் சாத்திரக்காரர் ஆக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஏதாவது பெரிதாக நடந்து முடிந்ததும், வெண்தாடியுடன் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சைவ ஞானி யோகர் சுவாமியின் படத்தின் கீழ் 'அன்றே சொன்னார்' என்று எழுதிய பதிவுகள் முகநூலில் வரிசை கட்டத் தொடங்கிவிடும். யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார் என்ற விவரம் அவற்றில் அநேகமாக இருப்பதில்லை. பகிர்பவர்களின் பக்தியை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்தப் பக்தி, ஒரு ஞானியைக் கொஞ்சம் கொஞ்சமாக, வருங்காலம் கூறும் சாத்திரக்காரராக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதை இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்து, கொழும்புத்துறையில் உறவினரிடம் வளர்ந்தவர் அவர். கிளிநொச்சியில் இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியக் காப்பாளராகச் சம்பளத்துக்கு இருந்தவர். மண்வெட்டிக்கும் சீமெந்துக்கும் கணக்கு வைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், 1905ஆம் ஆண்டளவில் நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியைக் கண்டார். ஊர் அந்தச் செல்லப்பரை விசரர், அதாவது பைத்தியக்காரர், என்றே அழைத்தது. தேர்முட்டிப் படியில் இருந்துகொண்டு வருவோர் போவோரை ஏசிக்கொண்டிருந்த அவர், இவரைப் பார்த்துக் கேட்டது 'யாரடா நீ?' என்பதுதான். 'நீ இன்னார் ஆவாய்' என்று வருங்காலம் எதையும் குரு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காக வேலையை விட்டுவிட்டு, ஏச்சும் பட்டினியுமாக அந்தத் தேரடியிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்ததுதான் யோகரின் கல்வி.

1915இல் செல்லப்பர் மறைந்த காலத்தை ஒட்டிக் கொழும்புத்துறைக்குத் திரும்பியவர், தெருவோரத்து இலுப்பை மரத்தடியில் வெயில் மழை பாராமல் இருந்தார். அணுகியவர்களை அதட்டி விரட்டினார். பிறகுதான் அடியார் ஒருவரின் வளவில் ஒரு சிறு குடில் கிடைத்தது. 1964 மார்ச்சில் மறையும்வரை அதுவே அவருடைய இடம். சைவ ஆதீனங்கள் எதிலும் பட்டம் சூட்டிக்கொள்ளாமல், காவி கட்டாமல், வெள்ளை வேட்டியோடு ஊரில் ஒருவராக நடந்து திரிந்த அந்த முதியவரைத் தேடி வழக்காடும் அப்புக்காத்துமாரும் வந்தார்கள், தோட்டக்காரரும் வந்தார்கள். இலங்கைக்கு அரசியல் யாப்பு வகுக்க வந்த சோல்பரிப் பிரபுவின் மகனே அவருடைய சீடராகிச் சந்தசுவாமி ஆனார். தகப்பனார் எழுதிவைத்த யாப்பு எங்களுக்கு உதவாமல் போனது. மகனாவது எங்களிடமிருந்து ஏதோ பெற்றுக்கொண்டார்.

செல்லப்பரிடமிருந்து யோகர் பெற்று எங்களுக்குத் தந்த மகாவாக்கியங்கள் நான்கு: 'எப்பவோ முடிந்த காரியம்', 'ஒரு பொல்லாப்பும் இல்லை', 'நாம் அறியோம்', 'முழுதும் உண்மை'. எங்கள் அம்மம்மா வீட்டுச் சாமியறையில் இந்த நான்கும் அச்சிட்ட நாட்காட்டி ஒன்று, ஆண்டு முடிந்து பல காலமாகியும் கழற்றப்படாமல் தொங்கியது. திருநீறு பட்டுப்பட்டு அதன் கீழ் ஓரம் வெளிறிப்போயிருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய வயதில் நான் வாசித்த முதல் வரிகளில் அவையும் உண்டு. அவற்றில் 'நாம் அறியோம்' என்பதை மட்டும், வருங்காலம் கூறும் பதிவுகளில் நான் இதுவரை கண்டதில்லை. காணவும் முடியாது, ஏனென்றால் அந்த ஒரு வாக்கியமே அந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் அடித்துவிடும்.

மற்ற வாக்கியங்களும் தப்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செத்தவீட்டில், இளவயது மகனைப் பறிகொடுத்த தாயின் அருகே குந்திய ஓர் உறவினர், 'எப்பவோ முடிந்த காரியம் பிள்ளை, அழாதை' என்று ஆறுதல் சொன்னார். அந்தத் தாய் தலையை உயர்த்தி அவரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஆறுதல் சொன்னவர் கெட்டவர் அல்லர். விதியைப் பற்றிய வாக்கியம் என்றே அவர் அதை நம்பியிருந்தார். ஆனால் அது விதியைப் பேசவில்லை. சிவம் ஒன்றே என்று கண்டவருக்குக் காலமும் காரியமும் எவ்வாறு தோன்றும் என்பதை, கண்டவர் தம் நிலையில் நின்று சொன்ன சொல் அது. அந்த நிலையை எட்டாத நாம் அதைப் பிறருடைய துயரத்தின் மேல் தூக்கிவைக்கும்போது, அது ஞானமாக இருப்பதில்லை, கல்லாகிவிடுகிறது.

எல்லாம் முன்பே முடிந்துவிட்டது என்பதற்குக் கைகட்டி இருப்பது என்று பொருள் கொள்பவர்கள், அதைச் சொன்னவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். 1935இல் 'சிவதொண்டன்' இதழ் தொடங்கியது அவருடைய வழிகாட்டலில்தான். 1953இல் வண்ணார்பண்ணையில் சிவதொண்டன் நிலையம் எழுந்ததும் அவ்வாறே. அந்த நிலையத்தின் மேல்மாடித் தியான மண்டபத்தில் பேச்சுக்கு இடமில்லை. குறி கேட்கப் போகிறவருக்கு அங்கே ஒரு பதிலும் கிடைக்காது. தொண்டு செய், சும்மா இரு என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் அவர். முரண் போலத் தோன்றும் அந்த இடத்தில்தான் அவரைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். நாமோ அது கடினம் என்பதால் அற்புதக் கதைகளின் பக்கம் ஒதுங்கிவிடுகிறோம்.

அற்புதங்கள் நடந்திருக்கவே மாட்டா என்று வாதிட நான் வரவில்லை. நேரில் கண்டவர்கள் தத்தம் அனுபவத்தைச் சொன்னால் தலை வணங்கிக் கேட்பேன். பெயரற்ற, நாளற்ற வாசகங்களை அவர் வாயில் திணிப்பது மட்டுமே என் முறைப்பாடு.

அவர் மறைந்த நாளை நினைக்கும் பங்குனி ஆயிலியக் குருபூசைக்கு இந்த முறையும் படங்கள் வரும். 'அன்றே சொன்னார்' என்று பகிர விரும்புவோர், எங்கே, யாரிடம் சொன்னார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் அவருடைய பாடல்களின் தொகுப்பான நற்சிந்தனையிலிருந்து ஒரு பாட்டைப் போடுங்கள். அது அவருடையதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.