ஒற்றைத் தாளுக்கு இரட்டை வழக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். தை முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கிற நேரம் பார்த்து ஆஃப்செட் மெஷின் அடம் பிடிக்கிறது. பத்துத் தாள் ஓடும், டக்கென்று நிற்கும். திரையில் 'டபுள் ஷீட்', அதாவது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகிறதாம். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு தாள், பல்லை இளித்துக்கொண்டு கிடக்கும்.

இரட்டைத் தாளைக் கண்டுபிடிக்கும் சென்சாரின் கண்ணைத் துடைத்தேன். தாள் தூசி மாவு மாதிரி அப்பியிருந்தது. சரி, இதுதான் வியாதி என்று நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் மறுபடி நின்றது.

மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டால், "அண்ணே, சென்சார் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்கிறார், மெஷினைப் பார்க்காமலே! விலையைக் கேட்டதும் எனக்குத்தான் மூச்சு நின்றது.

எதற்கும், தாளை உள்ளே அனுப்பும் ஃபீடரில் குனிந்து பார்த்தேன். தாளைத் தூக்கும் உறிஞ்சு ரப்பர்களில் ஒன்று ஓரம் பிய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் காற்றுப் பிடிக்காமல் தாள் கோணலாகத் துள்ளிக்கொண்டு போயிருக்கிறது. சென்சார் பாவம், குழம்பிப்போய்க் கத்தியிருக்கிறது. போதாததற்கு இந்தக் கடல் காற்று வேறு. தாள் கட்டைப் பிரித்து இரவு வெளியே வைத்தால் போதும், தாளின் ஓரம் ஈரம் குடித்து காலையில் அப்பளம் மாதிரி நெளிகிறது.

இடையில் பெண் வீட்டார் ஃபோன்: "பட்டனை அமுக்கினா வந்துடப்போகுது, இதுக்கு ரெண்டு நாளா?"

ரப்பரை மாற்றினேன். ஓட ஆரம்பித்தது. கரெண்ட் போய்விட்டது.