நிற்கிற வண்டிக்கு விடிய விடிய இடம், நடக்கிற மனுஷிக்கு ஒரு அடி இல்லை

போன சனிக்கிழமை என் சித்தி திருவல்லிக்கேணியைப் பார்க்காமலே ஊருக்குத் திரும்பினார். மன்னார்குடியிலிருந்து அதற்கென்றே பஸ் ஏறி வந்தவர். சாயந்திரம் 4.30 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். ராத்திரி 11 மணி வரைக்கும் இந்தத் தெருக்களில்தான் இருந்தோம். அத்தனை நேரமும் அவர் பார்த்தது தரையை. அடுத்த காலை எங்கே வைப்பது என்று தரையை. கோபுரத்தைக் காட்ட நான் கையை நீட்டும்போதெல்லாம் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "இரும்மா, வண்டி வருது" என்றார். நாள் ஆறாகியும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

சித்திக்கு வயது 68. முட்டி வலி உண்டு, ஆனாலும் தினமும் காலையில் ஹரித்ரா நதியைச் சுற்றி வருகிறவர். மன்னார்குடிக்காரர்களுக்குத் தெரியும், அந்தக் குளத்தை ஒரு சுற்று வந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நடக்க முடியாதவரை இழுத்துக்கொண்டு போனாள் என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வர வேண்டாம்.

நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பேட்டையில்தான். சென்னையில் நடந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆழ்வார்கள் பாடிய பார்த்தசாரதி கோயில். மீசை வைத்த வேங்கடகிருஷ்ணன் மூலவர். அவருக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கும் நரசிம்மர். அந்தத் தெள்ளியசிங்கர் பேர்தான் ஜனங்கள் வாயில் துளசிங்கப் பெருமாள் ஆகி, அதே பேரில் ஒரு தெருவும் ஆயிற்று. அந்தத் தெருவில், கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பாரதி கடைசியாகக் குடியிருந்த வீடு. 1921-இல் அவர் உயிர் போனது அங்கேதான். கொஞ்சம் தள்ளி திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வந்தால் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி, முழுக்கக் கருங்கல். ஆற்காடு நவாபிடம் வேலை பார்த்த மக்கன் லால் என்ற இந்து எழுதிக் கொடுத்த பாரசீக வரிகளை அதன் சுவரில் பொறித்திருக்கிறார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் வந்து பரிமாறுவதும் இதே மசூதியில்தான். 1948-லிருந்து இட்லி மூழ்க மூழ்க சாம்பார் ஊற்றும் ரத்னா கஃபே அதே சாலையில். பாரதி சாலை பிளாட்பாரத்தில் பழைய புத்தகம். அந்தச் சாலையிலேயே நேராகப் போனால் கடல். எல்லாமே நடக்கிற தூரம். நடந்தால்தான் கிடைக்கிற தூரமும்கூட. கோயிலிலிருந்து பாரதி வீட்டுக்கு ஆட்டோ கூப்பிட்டால் எந்த டிரைவர் வருவார்?

கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஆரம்பித்தது. மாட வீதியின் இரண்டு பக்கமும் வண்டி. கார் ஒரு வரிசை, அதற்கு வெளியே டூ வீலர் ஒரு வரிசை, அந்த டூ வீலருக்கும் வெளியே "ரெண்டே நிமிஷம்" என்று நிறுத்திவிட்டுப் போனவனின் புல்லட். நடுவில் மிஞ்சிய சந்தில் எதிரும் புதிருமாக ஆட்டோ, ஸ்கூட்டர், தண்ணீர் கேன் வண்டி, சாப்பாடு டெலிவரி பையன்கள். பிளாட்பாரம் என்று ஒன்று அங்கங்கே இருக்கிறது. அதில் மின்பெட்டி நிற்கும், கட்டிட வேலை ஜல்லி குவிந்திருக்கும், மூடி பெயர்ந்த வடிகால் வாய் பிளந்திருக்கும். இதெல்லாம் போக மிச்ச இடத்தில் சைடு ஸ்டாண்ட் போட்டு இன்னும் நாலு பைக்.

சித்தி ஒரு காருக்கும் சுவருக்கும் இடையே உடம்பைத் திருப்பி, புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்து, பக்கவாட்டில் நகர்ந்தார். 68 வயசுப் பெண்மணி நண்டு மாதிரி நகர்ந்தார். அப்படிச் சில அடி போனதும் வழி அடைத்துக்கொண்டது. திரும்பி வந்து நடுத்தெருவில் இறங்கினார். இறங்கின கையோடு ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி அவர் தோளில் இடித்தது. ஓட்டியவன் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்து, "ஓரமா போம்மா" என்றான். எந்த ஓரம்? அவனைப் போன்றவர்கள் நிறுத்தி வைத்த வண்டிகளை விட்டால் இந்தத் தெருவுக்கு ஓரம் எங்கே இருக்கிறது?

ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் சித்தியை உட்கார வைத்தேன். அந்த வீட்டம்மா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாரதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்திவிட்டார்கள். சித்தி கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பரவாயில்லம்மா, பார்த்த மாதிரிதான்" என்றார். பார்த்த மாதிரி! பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்குப் பாரதியைப் பாடிப் பரிசு வாங்கியவர், வாழ்நாளில் ஒரு தடவை அந்த வீட்டுக்குள் நிற்க ஆசைப்பட்டவர். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மசூதியை எதிர்ச் சாரியில் நின்று காட்டலாம் என்றால் நிற்க இடம் கிடையாது. ரத்னா கஃபேயில் உட்கார்ந்த நேரம்தான் அன்றைக்கு அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. இரண்டு இட்லிக்கு மூன்று தடவை சாம்பார் கேட்டு வாங்கினார். கடலுக்குப் போக வரக் கடைசியில் ஆட்டோதான் பிடித்தேன். போகும்போது பாரதி சாலையில் ஆட்டோ ஊர்ந்தது. சித்தி வெளியே எட்டிப் பார்த்து, "அந்தப் புஸ்தகக் கடையெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டார். அவர் கண்ணுக்கும் கடைக்கும் நடுவில் வண்டிகள் நின்றன. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் இருந்திருந்தால் இதையும் பார்த்திருக்க முடியாது. மேட்ச் அன்றைக்கு பெல்ஸ் ரோடு நிரம்பி, வழிந்த வண்டியெல்லாம் எங்கள் சந்துகளுக்குள் வந்துவிடும். அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலைத் திறக்கவே யாரோ ஒருவர் பைக்கைத் தூக்கி நகர்த்த வேண்டும்.

இனிமேல்தான் எனக்கு ரத்தம் கொதித்த இடம். 10.30 மணிக்கு வீடு திரும்பும் வழியில் தெருமுனைத் தள்ளுவண்டியில் சாப்பிடலாம் என்று நின்றோம். ஒரு அம்மா, அவர் மகன், ஒரு இட்லிக் குண்டான், ஒரு தோசைக்கல். கல்தோசைக்கு வடகறி. மேன்ஷன் பையன்கள், ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடித்து வரும் நர்ஸ் பெண்கள், ஆட்டோக்காரர்கள், இவர்களுக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடு அந்த வண்டியில்தான். ஊரிலிருந்து வேலை தேடி வந்து மேன்ஷனில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தங்கும் பையனுக்குச் சமையலறை ஏது? திருவல்லிக்கேணியில் ராத்திரி வாழ்க்கை என்றால் இதுதான். டீ, தோசை, அரை மணி நேரப் பேச்சு. சித்தி வாங்கிய தட்டு பாதிகூடக் காலியாகவில்லை. ரோந்து வண்டி வந்து நின்றது. "மணி என்ன ஆகுது, லைட்டை அணை." லத்தியால் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு. அந்த அம்மா மறுபேச்சு பேசவில்லை, அடுப்பை அணைத்தார். வார்த்துக்கொண்டிருந்த தோசை கல்லிலேயே கிடந்தது. அதற்காகக் காத்து நின்ற ஒரு பையன் பசியோடு போனான்.

அந்தத் தள்ளுவண்டிக்கு நாலடி தள்ளி பிளாட்பாரத்தின் மேல் முழுதாக ஏறி ஒரு கார் நின்றது. பல நாளாக நிற்பது, டயரெல்லாம் காற்று இறங்கி, கண்ணாடியில் தூசி படிந்து. வந்தவர்கள் அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்துதான் அந்த அம்மாவை அதட்டினார்கள். காரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நடைபாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டம் வந்தது. எல்லாரையும் கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும் வரை ஒருவரையும் இடத்தைவிட்டு அகற்றக் கூடாது என்கிறது அது. அதாவது சட்டப்படி அந்த அம்மாவுக்கு அங்கே இடம் உண்டு, அந்தக் காருக்கு இல்லை. தெருவில் நடப்பது நேர் தலைகீழ். 2019-இல் தமிழ்நாட்டில் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை போட்டார்கள், அப்புறம் அதை நீட்டவும் செய்தார்கள். அந்தச் சலுகையும் 10 பேராவது வேலை பார்க்கும் கடைக்குத்தான். ஏசி போட்ட பெரிய கடை விடிய விடிய எரியலாம். அம்மாவும் மகனுமாக இரண்டு பேர் நடத்தும் தோசைக்கல்லுக்கு அது பொருந்தாது.

பிளாட்பாரம் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "கடைக்காரங்களைத் தூக்கினா எல்லாம் சரியாயிடும்." அதை என்னிடம் சொல்ல வேண்டாம். பூக்காரியின் கூடை அடைக்கும் இடம் ஒரு சாண். பழைய புத்தகக்காரர் விரித்த சாக்கைத் தாண்டிப் போகலாம், குனிந்து புரட்டலாம். அவர்கள் இருப்பதால்தான் ராத்திரி 10 மணிக்கும் இந்தத் தெருவில் ஒரு பெண் பயமில்லாமல் வர முடிகிறது. விளக்கு இருக்கிறது, ஆள் இருக்கிறது, பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரல் இருக்கிறது. பூட்டி நிறுத்திய கார் எனக்கு என்ன துணை? அதன் மறைவில் யார் நிற்கிறான் என்றுதான் பயப்பட வேண்டியிருக்கிறது.

இடம் குறுகல், பழைய பேட்டை, ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள். பொய். சித்திரைப் பிரம்மோற்சவத் தேர் அன்றைக்கு மாட வீதியில் வந்து பாருங்கள். ஒரு வண்டி இருக்காது. எங்கே போகிறதோ தெரியாது, ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும். தெரு அப்போது எவ்வளவு அகலம் தெரியுமா? பிள்ளைகள் ஓடி விளையாடும், வயசானவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள், கோலம் அழியாமல் இருக்கும். பெருமாளுக்கு ஒரு நாள் திறக்கிற வழியை மனுஷருக்கு மற்ற நாளில் திறக்கக் கூடாதா? தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்களே, அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நான்கு மாட வீதியிலும், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலும், சாயந்திரம் ஐந்து மணி நேரமாவது வண்டி நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். கார் வாங்குகிறவர் அதை நிறுத்தவும் இடம் பார்க்க வேண்டும். என் வாசல் அவருடைய ஷெட் கிடையாது.

பெண்கள் போக ஒரு சுத்தமான கழிப்பறை இல்லாததையும் சொல்ல வேண்டும். சித்தி அன்றைக்குத் தண்ணீர் குடிக்கவே பயந்தார். திண்ணையில் குடித்த அந்தச் சொம்போடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை பஸ் ஏற்றினேன். தோளில் கண்ணாடி இடித்த இடம் கன்றியிருந்தது, சொல்லாமல் மறைத்திருக்கிறார். நேற்று போன் செய்தபோது அவர் கேட்டது அதைப் பற்றி இல்லை. "அந்தத் தோசைக்கார அம்மா மறுபடி கடை போட்டாங்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். அம்மாவைக் காணோம். அந்த இடத்தில் புதிதாக இன்னொரு கார், உறை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி. பழைய கார் அப்படியே பக்கத்தில். இரண்டையும் நம்பர் தெரியப் படம் எடுத்துப் புகார் அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷத்தில் இது நான் கொடுக்கும் நாலாவது புகார். முந்தைய மூன்றுக்கும் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நாளைக்கு நேரில் போகிறேன்.